நன்றாக ஓடும் வண்டியைத் திருத்துபவர்

வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகைதான் உண்டு, கெட்டால் பழுது பார்ப்பவர்கள், கெட்டாலும் பார்க்காதவர்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. வண்டி நன்றாக ஓடினால் இவர்களுக்குத் தூக்கம் வராது. புகையாமல், கத்தாமல், சொன்ன பேச்சைக் கேட்டு ஓடுகிற ஒரு வண்டியைப் பார்த்தால், உள்ளே ஏதோ ஒரு திறமை கேட்பாரற்று வீணாகிறது என்று இவர்களுடைய மனது அடித்துக்கொள்ளும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கு எங்கள் நெப்ராஸ்காவில் ஏகப்பட்ட சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு டீசல் பிக்கப் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் வெர்லின் ஹோக்லண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோள வயலுக்கு நீர் தெளிக்கும் இயந்திரங்கள் விற்கிறவர். நல்ல மனிதர். தேவாலயத்துக்கு நேரத்தோடு வருவார், ஆனால் வாசலில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதால் முதல் இரண்டு பாட்டு எப்போதும் போய்விடும். "வாங்கினேன்" என்ற சொல் அவர் வாயில் வராது. "போட்டேன்" என்பார். பெரிய புகைக்குழாய் போட்டேன், புது காற்று வடிகட்டி போட்டேன், எஞ்சினுக்கு மூளை போட்டேன். ஒவ்வொன்றையும் போட்ட பிறகு ஒரு சடங்கு உண்டு. கையில் அகப்பட்டவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலை வரை ஓட்டிப்போவார். போகும்போது சாலையைப் பார்க்க மாட்டார், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

"தெரியுதா?"

என்ன சொல்வீர்கள்? ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் முதுகு தேயப் படுத்து வேலை பார்த்திருக்கிறான். ஒன்றும் தெரியவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதும், விருந்துக்குப் போன வீட்டில் கொடுத்த காப்பியைக் கீழே கொட்டுவதும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். அதனால் எல்லோரும் சற்று யோசிப்பதுபோல் தலையைச் சாய்த்து, "மோசமில்லை" என்பார்கள். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்தும் அதைத்தான் சொல்கிறோம்.

இப்படி எல்லாவற்றையும் போட்டு முடித்தவருக்கு மிச்சமிருந்தது கியர்பெட்டி. தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற வண்டி அது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கூட்டுறவுக் கடையின் காப்பி மேஜையில் வெர்லின் நடத்திய பிரசங்கத்தின் சாரம் இது: கம்பெனிக்காரன் கியரை வேண்டுமென்றே வழவழவென்று மாறும்படி வைத்திருக்கிறான், வங்கி மேனேஜரின் காப்பி தளும்பக் கூடாது என்பதற்காக. வழுக்கினால் சூடு. சூடேறினால் கியர்பெட்டிக்குக் காரியம்தான். இதற்கென்றே ஒரு கிட் விற்கிறது, நாலு ஸ்பிரிங், ஒரு டிரில் முனை, செய்முறை எழுதிய ஒரு காகிதம். அதைப் போட்டுவிட்டால் கியர் 'டக்'கென்று விழும், முதுகில் ஒரு உதை கிடைக்கும். அந்த உதையைத் தாங்க முடியாதவன் டீசல் வண்டி ஓட்டக் கூடாது.

இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் டெல்பர்ட்டைப் பார்ப்பார். டெல்பர்ட் கால்நடை வளர்க்கிறவர், வெர்லினுக்குப் பால்ய நண்பர், வைத்திருப்பதும் அதே வண்டி. மாட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு அமைதியாகப் போய் அமைதியாக வருவார். "நீ ஓட்டுறது வண்டி இல்லடா, தையல் மெஷின்" என்று வெர்லின் ஊர் சிரிக்கச் சொல்லிவைத்திருந்தார். ஆகவே கிட் தபாலில் வந்த அன்று அவருடைய மானமும் அதே பெட்டியில்தான் வந்து இறங்கியது.

சனிக்கிழமை காலை. வீட்டு முன்னால் வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. டெல்பர்ட்டும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆர்லோவும் மடக்கு நாற்காலி போட்டு, பியர்ப் பெட்டியை நடுவில் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இந்த இனத்துக்குப் பார்வையாளர் இல்லாமல் ஸ்பேனர் பிடிக்க வராது. கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றும்போது எண்ணெய் சட்டியில் விழும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. சட்டியில் விழவில்லை. வெர்லினின் சட்டைக் கை வழியாக அக்குள் வரை போய், அங்கிருந்து கழுத்துக்கு வந்தது. "கொஞ்சம் எண்ணெய் தம்பிக்கும் நல்லதுதான்" என்றார் ஆர்லோ, நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே.

கியரை மாற்றிவிடுகிற வால்வு பாடி வெளியே வந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சந்தும் பொந்துமாக ஓர் அலுமினியக் கட்டி, அதன் மேல் எண்ணெய் பாயத் துளைகள் போட்ட ஓர் இரும்புத் தகடு. ஸ்பிரிங்குகள் வரிசையாகப் பரப்பப்பட்டன. அந்த நேரம் பார்த்து வெர்லினின் மனைவி நோரீன் சாப்பிடக் கூப்பிட்டாள். மாட்டுக்கறி சில்லிக் குழம்பு, கூட இலவங்கப்பட்டை ரொட்டி. இரண்டு பேரும் ஒரே ஓட்டமாக உள்ளே போனார்கள். இதோ வருகிறேன் என்று வெர்லின் பின்தங்கினார்.

காகிதத்தின் அடுத்த வரி, தகட்டிலிருக்கும் ஒரு துளையை டிரில்லால் பெரிதாக்கு என்றது. அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை. ஆனால் பெரிதாக்கிய துளையைச் சின்னதாக்க உலகத்தில் கருவி இல்லை. ஸ்பிரிங் பிடிக்கவில்லையென்றால் கழற்றலாம், குழாய் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம், இது அப்படியில்லை. வெர்லின் டிரில்லைத் துளையில் வைத்தார். எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். இந்த வண்டி ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை என்பது அப்போது பார்த்தா ஞாபகத்துக்கு வரவேண்டும்? பயம்தான், வேறு பெயர் எதற்கு?

டிரில்லைத் தூக்கிப் பிடித்து, வெறும் காற்றில், சமையலறைக்குக் கேட்கும்படி இரண்டு முறை ஓடவிட்டார். பிறகு பழைய ஸ்பிரிங்குகளைப் பழைய இடத்திலேயே வைத்து, எல்லாவற்றையும் இருந்தபடியே பூட்டி, புது எண்ணெய் ஊற்றினார். புது ஸ்பிரிங்குகள் பெட்டியோடு பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போயின.

அதற்குப் பிறகும் சடங்கு நடந்தாக வேண்டுமே. முதலில் டெல்பர்ட் ஏறினார். கியர் மாறிய ஒவ்வொரு முறையும் தலை பின்னால் போய் இடித்ததுபோல் இருந்தது அவருக்கு. கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். அடுத்தது ஆர்லோ. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்பிரிங் கம்மியாகப் போட்டிருக்கலாம் தம்பி என்று யோசனையும் சொன்னார். வெர்லின் முதலில் ஆடித்தான் போனார். இரண்டாவது சுற்றில் ஒருவேளை எண்ணெய்தான் காரணமோ என்று நினைத்தார். மூன்றாவது சுற்றில் உதை அவருக்கே விழுந்தது. சத்தியமாக விழுந்தது.

சாயங்காலம் நோரீன் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாள். வெர்லின் வாசலிலேயே நின்றிருந்தார்.

"தெரியுதா?"

நோரீன் உண்மையாகவே யோசித்தாள். "இல்லையே. நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. நல்லாத்தானே இருந்துச்சு, வெர்லின்?"

ஊரில் ஒருத்தி உண்மை பேசுகிறாள், அவள் தன் வீட்டில் இருக்கிறாள். ஒரு கணம் அவளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றுதான் அவருக்கு இருந்தது. நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"உனக்கு டீசல் வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குப் பால் வாங்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மறுநாள் தேவாலய வாசலில் டெல்பர்ட் வந்து தோளில் கைபோட்டார். "நானும் அதையே வரவழைக்கிறேன். எனக்கு அந்தத் துளைன்னாத்தான் உதறுது. நீ போட்டுப் பழகினவன். நீயே வந்து போட்டுக் குடுடா."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? பின்னால் பாட்டுகூட நடந்துகொண்டிருந்தது. வெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு எந்த அளவு டிரில் முனை வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார்.

கிட் வந்த வாரமே டெல்பர்ட்டின் கொட்டகையில் வேலை நடந்தது. அன்றைக்கு வெர்லினின் கையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நடுங்கியதா? கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஒரே அழுத்தில் துளை விழுந்தது. விழுந்ததைப் பார்த்துத் திருப்தியில்லாமல், காகிதத்தில் சொன்னதற்கு மேல் ஒரு அளவு கூட்டி இன்னொரு முறை விட்டார்.

அதிலிருந்து டெல்பர்ட் வருவது முதலில் ஊருக்குக் காதில் விழுகிறது, பிறகுதான் கண்ணில் படுகிறது. நாலு வருஷமாக முன்சீட்டில் உட்கார்ந்து வந்த நாய் இப்போது ஏற மறுத்து வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிறது. டிரெய்லரில் மாடுகள் ஒவ்வொரு கியருக்கும் ஒன்றின் மேல் ஒன்று சரிகின்றன. சந்தையில் இறங்கும்போது அவற்றின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. ஒரு நாள் டெல்பர்ட் வெர்லினை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனார். மூன்றாவது கியரில் வெர்லினின் தொப்பி பின்சீட்டுக்குப் போயிற்று, நாலாவதில் நாக்கு பல்லில் மாட்டிக்கொண்டது. டெல்பர்ட் முகமெல்லாம் நன்றியாகத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான்டா, அச்சு அசல் உன் வண்டி மாதிரியே இருக்கு."

வெர்லின் கடிபட்ட நாக்கோடு தலையாட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் டீசல் பிக்கப் இல்லை, டிரில்லைத் தொட்டதே இல்லை. சரி. ஆனால் போன மாதம் மைத்துனனிடம், வேலையை விட்டுவிட்டுத் தைரியமாகச் சொந்தத் தொழில் ஆரம்பி என்று ஒரு மணி நேரம் பேசினீர்களே, அவனும் மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டானே. அன்றைக்கும் நீங்கள் ஒன்பது மணிக்கு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருக்கையில் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துதானே அவனுக்கு வாழ்த்துச் சொன்னீர்கள்?