ஆளில்லா வரவேற்பு

மனித நாகரிகத்தில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாகச் சொல்லத்தக்கது, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் வைத்த வரவேற்புத் திரை. ரிசெப்ஷனிஸ்ட் சந்திரமதி காலமானதும், அவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்று நிர்வாகம் மனமுருகித் தீர்மானித்தது. ஆகவே நிரப்பவில்லை. வாசலில் திரையை நிறுத்தியது.

வருகிறவர் பெயரைத் தட்ட வேண்டும். திரைக்குப் புரியாவிட்டால் ரிசெப்ஷனிஸ்ட்டின் கைத்தொலைபேசியை அழைக்கும். அதில் ‘1’-ஐ அழுத்தினால் கதவு திறக்கும். அந்தக் கைத்தொலைபேசி எண்ணை மாற்றுவது ‘அடுத்த கட்டப் பணி’. திரைக்கோ பெரும்பாலும் எதுவும் புரிவதில்லை. ஆகவே பிடோக் வீட்டில், சந்திரமதியின் கணவர் வடிவேலுவின் சட்டைப்பையில் அவளுடைய போன் ஓயாமல் அடித்தது.

“ஹலோ, டெலிவரி லா. கதவு திறக்கல, ஆளும் இல்ல.”

“இப்ப தள்ளுங்க. பார்சல நிரஞ்சனாகிட்ட குடுங்க. கணக்குப் பிரிவுக்காரர்கிட்ட போயிடாதீங்க, சாப்பிடுற நேரத்துல கடிச்சிருவாரு.”

வடிவேலு அந்த அலுவலகத்தில் கால் வைத்ததே இல்லை. எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு அவள் பரிமாறிய செய்திதான். ஏதோ வேலையாக அவள் எழுந்துபோயிருப்பதுபோல், அவளுக்காக அவர் பதில் சொன்னார்.

ஆண்டு விழாவில் திரைக்குப் பாராட்டு. வடிவேலுவுக்கும் அழைப்பு வந்தது. நாலு பேர் முன்னால் அவள் பெயரைச் சொல்வார்கள், ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். திரைக்கு அவரையும் புரியவில்லை. பையில் போன் அடித்தது. தனக்குத் தானே கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

மனிதவள மேலாளர் இளமாறன் முழங்கினார்: “ஒரு புகார்கூட இல்லை! மனிதத் தலையீடு அறவே இல்லை! சிறப்பு விருந்தினர் வந்ததும் திரைக்கு மாலை அணிவிப்போம்!”

நன்றியுரை நீண்டது. கேபிள் இழுத்தவர் பெயர் வந்தது. கேக் கடையின் பெயர் வந்தது. சந்திரமதியின் பெயர் மட்டும் வரவில்லை.

போன் அடித்தது.

“அங்கிள், சைலண்ட்ல போடுங்க லா!” என்றார் இளமாறன்.

“ஆபீஸ் போன்தான், தம்பி.”

“ஆபீஸ் இங்க நடக்குது, அங்கிள். ப்ளீஸ்.”

வடிவேலு சொன்னபடியே போனைச் சைலண்டில் போட்டார்.

கீழே, பூட்டிய கதவுக்கு வெளியே வியர்வையில் நனைந்து நின்ற சிறப்பு விருந்தினரிடம் திரை பவ்வியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: “சந்திரமதி வந்துகொண்டிருக்கிறார். தயவுசெய்து அமருங்கள்.”

பாராட்டு மிகப் பொருத்தமானதுதான். அந்த நிறுவனத்தில் அவளை நினைவு வைத்திருந்தது அது ஒன்றுதான்.