தையல் வகுப்புக்குப் போன வெள்ளிமுடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் ஆறு கடிதங்களைக் குப்பையில் போட்டுவிட்டு, எங்கள் மாடிவீட்டுக்காரர் தக்காளிச் செடியைப் பற்றி எழுதியதைக் கட்டம் கட்டிப் போட்டவர் நீங்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் டிவியில் வாராவாரம் வரும் அந்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரின் நாயகி, என் மகள் ‘வெள்ளிமுடி’ என்று அழைப்பவள், அம்மாவிடம் உண்மையைச் சொன்னதைத் ‘துணிச்சல்’ என்று இரண்டு பக்கம் புகழ்ந்திருக்கிறீர்களே, அதைப் பொறுக்க முடியாது. முப்பத்தாறு வாரம் அவள் ஒழுங்காகத்தான் இருந்தாள். நிழல் மிருகங்களோடு சண்டைக்குப் போவாள். வீட்டில் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்பாள். நம்பவைக்கத் தன் விரலில் தானே ஊசியால் குத்திக்கொள்வாள். காரியம் தெரிந்தவள். முப்பத்தேழாவது வாரம் உளறிவிட்டாள். அம்மா பின்னாலேயே ஓடிப்போய் ஒரு கையை இழந்தாள். இதுவா துணிச்சல்?

நான் லிஃப்ட் பரிசோதகன். இரண்டு மாதமாக, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போய்வருகிறேன். வயிற்றில் கட்டி. திரும்பும் வழியில் சட்டைக் கையில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்வேன். யாரிடம் கற்றேன் என்று கேட்காதீர்கள். இருபதாம் தேதி அறுவைச் சிகிச்சை. “கூட வீட்டு ஆள் ஒருத்தர் இருந்தே ஆகணும் சார்” என்கிறார் டாக்டர். அலுவலகத்தில் யாரைக் கூப்பிடுவது? என் பதவி உயர்வைத் தின்று ஏப்பம் விட்ட மேலாளரையா?

அந்தக் காட்சி ஓடியபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “லூசுப் பொண்ணு. சொல்லாம இருந்திருந்தா அம்மாவுக்குக் கையாவது மிஞ்சியிருக்கும்” என்றேன்.

“கை போனாப் போகுது. ஒண்ணுமே தெரியாம உக்காந்து துணி மடிச்சிட்டிருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.”

“அப்பா எப்பவும் வில்லன் கட்சிதாம்மா” என்றாள் மகள்.

மனைவி என் சட்டையை விரித்துப் பார்த்தாள். “ஏங்க, வேலை செஞ்சா நகத்துலயும் கிரீஸ் ஏறுமே. இப்பல்லாம் சட்டையில மட்டும்தான் இருக்கு?”

நான் செய்தி பார்க்கவேண்டும் என்று சேனலை மாற்றிவிட்டேன்.

ஆகவே, இனிமேலாவது வாயை அடக்கத் தெரிந்த நாயகிகளைப் புகழுங்கள். உங்களுக்கும், என் கடிதங்களைக் கிழித்தவர் உட்பட உங்கள் அலுவலகத்தார் அனைவருக்கும் நல்ல உடல்நலம் வாய்க்கட்டும்.

பின்குறிப்பு: தயவுசெய்து இருபதாம் தேதிக்கு முந்தின இதழிலேயே இதைப் போட்டுவிடுங்கள். ஒரு வரியும் வெட்டவேண்டாம். என் மனைவி வாசகர் கடிதங்களைத்தான் முதலில் படிப்பாள். நேரில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பெயர் தேவையில்லை, அவளுக்குப் புரிந்துவிடும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.