அரண்மனை வாசலில் ஆந்தைமூஞ்சி

அலுவலகக் கூடத்துச் சுவரை மூடித் தொங்கிய பேனரை அண்ணாந்து பார்த்த எழுத்துருக்காரன், யாராவது அதைப் படிக்கிறார்களா என்று அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அந்தக் கணினி விளையாட்டு நிறுவனம் தன் விளையாட்டுக்கென்று ஒரு மொழியையே உண்டாக்கியிருந்தது. சொல்லையும் எழுத்தையும் கட்டியவர் மொழிக்காரர். அந்த எழுத்துகளைக் கணினியில் தட்டும்படி எழுத்துருவாக்கியவன் இவன். சரியாக விழுகிறதா என்று பார்க்க எதையாவது தட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு இழுத்த கடுப்பில், வாயில் வந்ததை நம் மொழியிலேயே தட்டினான்: ‘ஆந்தைமூஞ்சி முதலாளியே, உன் நாற்காலி முறிய.’ திரையில் அது கொடியும் கொம்புமாக அழகாக விழுந்தது. மாதிரி என்று அந்த வரியை முதலாளியின் போனுக்கு அனுப்பிவைத்தான். அவர் அதையே விளையாட்டில் வரும் அரண்மனையின் வாசல் வாசகமாக்கி, பேனராகவும் அச்சடித்துவிட்டார்.

உருவம்தான் புதுசு, ஓசை நம்முடையது. எழுத்து தெரிந்தவர் கூட்டிப் படித்தால் தீர்ந்தது கதை. இது மூன்றாவது வேலை. இதுவும் போனால் மாமனாரின் செருப்புக்கடைதான். அவர் ஏற்கெனவே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்.

முதலாளியிடம் போய், ஒரு கோடு பிசகிவிட்டது, பேனரை இறக்கிவிடலாம் என்றான். முதலாளி உருகிப்போனார்.

"ஒரு கோட்டுக்கு இப்படித் துடிக்கிறியேப்பா. இறக்க வேணாம், திருத்தி மாட்டு. நாளைக்கு வெளியீட்டு விழாவுல மொழிக்காரரையே மேடையில படிக்கச் சொல்றேன்."

அவன் அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய் எழுத்துருவைத் திறந்து உருவங்களை எல்லாம் இடம் மாற்றிப் போட்டான். பேனர் மறுபடி அச்சாகி ஏறியது. இனி எந்தக் கொம்பனாலும் ஆந்தையைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைத்த பிறகுதான் உறைத்தது. திட்டு போயிற்று, மிஞ்சியது வெறும் உளறல். மொழிக்காரர் மேடையில் முகம் சுளித்தால் எழுத்துருவே தப்பென்று ஆகிவிடும்.

"ஏங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"உங்கப்பா கடையில அந்த ஸ்டூல் இருக்கா?"

"இருக்கே. குஷன்கூடப் போட்டுட்டாரு."

விழாவில் மொழிக்காரர் மைக்கைப் பிடித்துப் பேனரைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. எழுத்துருக்காரன் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டான். மொழிக்காரர் முதலாளியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், தன் மொழியில் ஏதோ கடகடவென்று ஓதிவிட்டுப் பொருளும் சொன்னார்.

"மலையே, எங்கள் நிழலே, நீ சாயாதிருப்பாய்."

கைதட்டல் அடங்கவில்லை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுத்துருக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வாசலுக்குப் போய்த்தான் மூச்சுவிட்டான். அங்கே காரைத் துடைத்துக்கொண்டிருந்த முதலாளியின் டிரைவர், மலையையும் நிழலையும் முதலாளிதான் காலையில் மொழிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்றார்.

"அவருக்கு யாரு சொன்னா?"

"நான்தான். அவரு போன்ல உங்க ஃபான்ட் இல்ல சார். நீங்க அனுப்பினது அப்படியே நம்ம எழுத்துல வந்து நின்னுச்சு. அன்னைக்கே அவரு கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சு, என்னைப் படிக்கச் சொன்னாரு. அதை வாய்விட்டுப் படிச்சா என் வேலை என்னாகறது? மலை, நிழல்னு அடிச்சு விட்டேன்."

எழுத்துருக்காரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். விட மனசில்லை.

"விடுங்க சார், கிளம்பணும். புதுக் கண்ணாடி ரெடியாம். போட்டதும் முதல் வேலையா, போன்ல இருக்கிற அந்த வரியைத் தன் கண்ணால படிக்கணும்னு துடிக்கிறாரு."