எங்கள் தோட்டத்தில் மட்டும் பெய்த மழை

கண் சிமிட்டுகிற எந்தப் பெட்டியையும் நான் நம்புவதில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டு, மூன்று மாநிலங்களில் ஓட்டல், செங்கல் சூளை, லாரி என்று அலைந்தவன் நான். எந்த வேலையிலும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. அதனால் யாராவது தேடிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. (ஒருவரும் தேடவில்லை. அது தனி வருத்தம்.)

அப்படிக் கிளம்பி வந்து, எழுமலையில் அக்காவின் மல்லிகைத் தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்துக் கிடந்தபோது அந்தப் பெட்டி வந்தது. ஆள் உயரக் கம்பத்தில் மாட்டினார்கள். தலையில் ஒரு புனல், நெற்றியில் சிவப்பு விளக்கு. மழையையும் வெயிலையும் அளந்து வெளிநாட்டுக்கு அனுப்புமாம். அங்கே கணக்குப் போட்டு, தண்ணீர் பாய்ச்சலாமா வேண்டாமா என்று மச்சானின் போனுக்குச் செய்தி அனுப்புவார்களாம்.

“போர்த் தண்ணிய மிச்சம் பண்ணத்தாண்ணே. இதே பெட்டி ஆப்பிரிக்காவுலயும் நிக்குது” என்றாள் பெட்டிக் கம்பெனியின் திருநகர் ஆபீசிலிருந்து மாட்ட வந்த பெண்.

எழுமலை வெயில் வெளிநாட்டுக்காரனுக்கு எதற்கு? விளக்கு வேறு நான் குளிக்கும் தொட்டியைப் பார்த்தே சிமிட்டியது. கேமராவேதான் என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் குளித்ததும் என் பச்சைத் துண்டை அதன் தலையில் போட்டு மூடினேன். காற்றில் பறக்காமலிருக்கப் பிழியாமலே போட்டேன்.

மச்சானுக்குச் செய்தி வந்தது: ‘நல்ல மழை. பாய்ச்ச வேண்டாம்.’

“எங்கங்க மழை? வானத்தப் பாருங்க” என்றாள் அக்கா.

“வானத்துக்கு என்னடி தெரியும்? அம்புட்டுப் படிச்சவன் கணக்குப் போட்டு அனுப்புறான். நாம தூங்குறப்பப் பெஞ்சிருக்கும்.”

அந்தப் பூவை நம்பித்தான் வீடு ஓடியது. செடி வாடி, மொட்டு உதிர ஆரம்பித்தது.

“மச்சான், அவன் வேணும்னே காயவிடுறான். அடுத்து நெலத்தக் கேப்பான் பாருங்க” என்றேன். என் பங்குக்கு எதிரியின் கண்ணை இறுக்கி மூட, இரண்டாவதாகவும் ஒரு ஈரத்துண்டைப் போட்டேன்.

‘கனமழை. வடிகால் வெட்டவும்’ என்று செய்தி வந்தது. மச்சான் மண்வெட்டியோடு இறங்கி, புழுதி பறக்க வடிகால் வெட்டினார்.

நாலைந்து நாளில் அந்தப் பெண் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சேற்றில் நடப்பதற்காக இருவரும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

“எத்தனையோ நாட்டுல வச்சிருக்கோம்ணே. இந்தத் தோட்டத்துல மட்டுந்தான் தினம் காலையில ஒரே நேரத்துக்கு மழை பெய்யுது. அதான் சார் நேர்ல…” என்றவள் கம்பத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். துண்டு இரண்டும் புனலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தன.

“யாரு துண்டுண்ணே இது?”

வெள்ளைக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டார். (அது எந்தெந்த நாட்டுக்குப் போனதோ.)

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் செடிப்பக்கம் திரும்பாமல், அவர் வெட்டிய வடிகால் வழியே நேராக ரோட்டுக்குப் போனது.

வடிகாலை மூடியதும் நான்தான், பட்டுப்போன பாதிச் செடிகளுக்குப் பதிலாகக் குழி வெட்டி நட்டதும் நான்தான். சொல்லாமல் கிளம்ப முடியாமல் நான் தங்கிய முதல் இடம் அது. அந்தப் பெட்டிக்குக் காவலாக இப்போது நிஜமாகவே ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். அது தொட்டியைப் பார்த்துத்தான் இருக்கிறது.

இன்றைக்கும் மழை என்று போனில் செய்தி வந்தால், மச்சான் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

“மாப்ள, குளிச்சிட்டியா?”