வளையல் ஏற்றிய சரக்கு ரயில்

சிலர் குடித்துவிட்டு மானத்தை இழக்கிறார்கள். நான் தெளிவாக இருந்து, இரண்டு வாரம் திட்டம் போட்டு, தண்டவாளமும் போட்டு இழந்தேன்.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை சுமதியின் கணவர். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி ஓட்டும் முதலாளி. கல்யாண வரவேற்புக்கு அவளை அந்த லாரியின் மேல்தான் ஏற்றி, சாமந்திப் பூச்சரம் சுற்றி, ஊர் அதிர ஹாரன் அடித்து அழைத்து வந்தார். பெண்ணின் ஒரே அண்ணனான நான் மேடையேறி என் வசனகவிதைத் தொகுப்பை நீட்டினேன். (கையெழுத்துப் போட்டுத்தான்.) மறுவீட்டு விருந்துக்குப் போனபோது, ஆட்டம் காணும் வாஷிங் மெஷினின் ஒரு காலுக்கு அடியில் அந்தத் தொகுப்பைப் பார்த்தேன். மெஷின் ஆடவில்லை. தமிழ் இலக்கியம் இப்படியும் பயன்படுகிறது.

ஆகவே சுமதிக்கு வளைகாப்பு என்றதும் எனக்கு வெறி பிடித்தது. வளையல் கொண்டுபோவது அண்ணன் பொறுப்பு. "இந்த அண்ணன் வளையலை ரயில்ல அனுப்புவான் கண்ணு," என்று ஃபோனிலேயே அறிவித்துவிட்டேன். அவள் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இனிப் பின்வாங்க முடியாது.

என்னிடம் ஒரு மாதிரி ரயில் இருந்தது. (பொம்மை ரயில் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.) கையகல எஞ்சின், மின்சாரம் பாயும் குட்டித் தண்டவாளம், தீப்பெட்டிகளைக் கோத்தது போல ஆறு சரக்குப் பெட்டிகள். மழை பெய்யும் மத்தியானங்களில் அது மேசையைச் சுற்றிச் சுற்றி வரும். நான் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன்.

அதுவரை அது இழுத்ததெல்லாம் காலிப் பெட்டிகள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை அடுக்கியதும் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றியது. விர்ரென்று சத்தம் மட்டும் வந்தது. ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

"உங்க எழுத்து மாதிரியே இருக்குது," என்றாள் மனைவி, கடந்து போகிற போக்கில்.

அம்மாபேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு லாரிப் பட்டறை. அங்கே கொண்டுபோனேன். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைப் புரட்டிப் பார்த்தார்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க. சக்கரத்துக்குப் பிடி இல்ல. காலி லாரி சேத்துல மாட்டினா என்ன பண்ணுவோம்? பின்னாடி கல்லு ஏத்துவோம். வெயிட்டு உக்காந்தாத்தான் டயரு தரையைப் புடிக்கும்."

மேட்டூர் மீன்வலைகளில் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி வந்து எஞ்சினின் வயிறு நிறையத் திணித்தேன். மூன்று பெட்டிகளை இழுத்தது. ஆசை விடவில்லை. சைக்கிள் வால்வு ட்யூபை மெல்லிய வளையங்களாக நறுக்கி, எல்லாச் சக்கரங்களுக்கும் டயர் போல மாட்டினேன். எஞ்சின் செத்தது. இரண்டு நாள் துக்கம். ஓர் இரங்கல் வசனகவிதைகூட எழுதினேன். மூன்றாம் நாள் மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோனதும் மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, கரண்டு தண்டவாளத்துல இருந்து சக்கரம் வழியாத்தானே ஏறுது? எல்லாத்துக்கும் ரப்பர் போட்டா எப்படிங்க ஏறும்? ஒரு ஜோடிக்கு மட்டும் போடுங்க. பெட்டிங்க அச்சுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தண்டவாளம் மட்டும் சுத்தமா காஞ்சு இருக்கணும். ஈரம் பட்டுதோ, அவ்ளோதான்."

அப்படியே செய்தேன். ஆறு பெட்டிகளையும் ஏற்றத்தில்கூட இழுத்தது. அன்று நான் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்து மனைவி கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

விழா நாள். மண்டபத்தில் நீளமாக மேசைகளைப் போட்டுத் தண்டவாளம் விரித்தேன். மேசைகளை ஒட்டிக் கீழே, பெஞ்சின் மேல், ஏழு வகைச் சாதப் பாத்திரங்கள். கடைசியில் சுமதியின் முன்னிருந்த மேசை மட்டும் நான்கு விரல் உயரம். அதற்கு முன்னால் ஒரு வளைவு, பிறகு பலகையைச் சரித்து ஓர் ஏற்றம் அமைத்தேன்.

சுமதியின் மாமியார் வந்து பார்த்தார். "தம்பி, கண்ணாடிச் சாமானம். இன்னிக்கு ஒண்ணு ஒடஞ்சாலும் நல்லா இருக்காது சாமி. தட்டத்துல வெச்சுக் கொண்டாந்தா ஆகாதுங்களா?"

"இது டெக்னிக்குங்க அத்தை. பயப்படாதீங்க," என்றேன். அந்த வாயை அப்போதே தைத்திருக்கலாம்.

அடுத்து மாப்பிள்ளை, கையில் பூசைத் தட்டோடு வந்தார். "மச்சான், புது வண்டி, மொதல் லோடு. பூசை போடாம எடுக்கலாமுங்களா?"

வண்டி! என் தொகுப்பை மெஷினுக்கு முட்டுக் கொடுத்த மனுஷன் என் ரயிலை வண்டி என்கிறார்! நெஞ்சு நிறைந்துபோய்த் தலையாட்டினேன். மேஸ்திரியின் முகம் நினைவுக்கே வரவில்லை.

மாப்பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. எஞ்சினுக்குச் சந்தனம். தண்டவாளத்தின் கடைசிவரை, ஏற்றத்தையும் விடாமல், சாணுக்கொரு சந்தனப் பொட்டு. சக்கரத்துக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம். ஸ்விட்சைத் தட்டினேன். எஞ்சின் பழத்தில் முட்டி நின்றது. மண்டபம் சிரித்தது.

"பழம் நசுங்காம வண்டி எடுக்கப்படாதுங்க," என்றவர், பழங்களைத் தண்டவாளத்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினார். பைப்பைப் பிடித்துப் பழகிய விரல். சாறு இரண்டு பக்கமும் ஓடியது.

ரயில் கிளம்பியது. சமதளத்தில் அழகாகவே போனது. கைதட்டல். சுமதியின் கண்ணில் நீர். எனக்கும்தான். ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் சக்கரம் வழுக்கியது. விர்ர்ர். வேகத்தைக் கூட்டினேன். இன்னும் விர்ர்ர். பிறகு நான் பாடுபட்டுத் திணித்த ஈயமெல்லாம் சேர்ந்து ரயிலைப் பின்னுக்குத் தள்ளியது. இறங்கிய வேகத்தில் வளைவில் தடம் புரண்டு, கடைசிப் பெட்டி முதலாவதாக, எஞ்சின் கடைசியாக, வரிசை குலையாமல், ஒழுங்காக, தயிர்சாதத்துக்குள் இறங்கின.

எல்லாக் கண்களும் அத்தைமேல். அவர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முழங்கைவரை கையைத் தயிர்சாதத்தில் விட்டு, ஒவ்வொரு வளையலாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வளையல்களில் மாதுளை முத்துகள் ஒட்டியிருந்தன. என் உயிர் அந்த விரல்களில் இருந்தது.

"ஒண்ணுகூட ஒடையலை," என்றார் கடைசியில்.

சுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணா, போதும்ணா, முடியலைணா!" கழுவித் துடைத்த வளையல்களை அவள் கையில் போட்டார்கள்.

மாப்பிள்ளை என் தோளில் கை போட்டார். "பாத்தீங்களா மச்சான், பூசை போட்டதாலதான் ஒண்ணும் ஒடையலை."

திருச்செங்கோடு இன்றுவரை அதைத்தான் நம்புகிறது. பிடி, எடை, ரப்பர், ஈரம் என்று நான் கொடுத்த விளக்கத்தைக் கேட்டவர்கள் கை கழுவ எழுந்து போனார்கள்.

இப்போதும் அவர்கள் வீட்டு விசேஷங்களில் நான் பந்திப் பக்கம் திரும்பினால் யாராவது ஓடிப்போய்த் தயிர்சாதப் பாத்திரத்தை மூடிவிடுகிறார்கள். போன மாதம் மூடியது, அதற்குச் சற்றுமுன் என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட சுமதியின் மகள். ஐந்து வயது. அழுகைகூட இன்னும் முழுதாக நின்றிருக்கவில்லை.