காமாலைக்காரனும் காராச்சேவும்

மருத்துவச் சான்றிதழ் கொடுத்து லீவு எடுக்கிறவன் நோயைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் மூன்றாம் நாளே கூப்பிடுவார்கள். முதுகுவலி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் மஞ்சள் காமாலையைத் தேர்ந்தெடுத்தேன். இத்தனைக்கும் அடுத்தவர்கள் கொடுக்கும் சான்றிதழ்களைச் சந்தேகத்தோடு புரட்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யாருடைய மாமனார் ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாகக் காலமானார் என்றெல்லாம் குறித்து வைக்க வேண்டும். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ்.

என் மனைவி பாக்கியம் அருமையாகக் காராச்சேவு போடுவாள். ஒருநாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய ஆபீசுக்குக் கொடுத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் சட்டி காலியாகி, அடியில் கிடந்த தூளையும் யாரோ விரலால் தொட்டு நக்கியிருந்தார்கள். அந்த நிமிடமே என் தலைக்குள் ஒரு தொழிலதிபர் பிறந்துவிட்டார்.

விடிந்ததும் சைக்கிளில் நாலு டீக்கடைகளுக்குப் பாக்கெட் போட்டுவிட்டு, அதே வேகத்தில் பஸ் பிடித்து வேலைக்குப் போவேன். பாக்கெட்டில் குத்துவதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பும் செய்து வைத்திருந்தேன். (அது என் சட்டைப் பையிலேயே இருக்கும். ஒருமுறை ஞாபகப் பிசகில் ஒரு தொழிலாளியின் லீவு பாரத்தில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்பதற்குப் பதிலாக ‘சுத்தமான கடலை எண்ணெயில் செய்தது’ என்று குத்தி அனுப்பிவிட்டேன். நல்லவேளை, அதை யாரும் படிக்கவில்லை.)

அப்போதுதான் தளவாய்புரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகள் கல்யாணத்துக்குச் சீர் பலகாரம் வேண்டுமாம். பன்னிரண்டு டின் சேவு.

“திங்கக்கெழம காலைல வேன் அனுப்புதேன். சம்பந்தி வீட்ல நாக்கு நீளமானவுக. பேரக் கெடுத்துராதிய” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு டின் என்றால் முழுசாக மூன்று நாள் வேலை. என் லீவோ மாவு வாங்கவும் எண்ணெய் வாங்கவும் போய்த் தீர்ந்திருந்தது. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போய் நின்றேன். மூன்று நாள் போதும் என்றுதான் கேட்டேன். காமாலைக்கு இருபத்தொரு நாளுக்குக் குறைத்து எழுதினால் மருத்துவத்துக்கே அவமானம் என்று சொல்லி, அவர் இருபத்தொன்று எழுதினார். எண்ணெய்ப் பண்டம் தொடக் கூடாது என்று சிவப்பு மையில் வேறு. அந்தக் காகிதத்தை அனுப்பிவிட்டு, வீட்டுப் பின்கட்டில் வாணலியில் எண்ணெயைக் காய வைத்தேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் இரண்டு பேருமாகப் போட்டுத் தள்ளினோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது டின் நிறைந்திருந்தது. அடுத்த மாவு மூட்டையைப் பரணிலிருந்து இழுத்தேன். தையல் விட்டுப் போய், மூட்டையில் பாதி என் தலையில் கொட்டியது. சட்டை போடாத உடம்பு, அடுப்படி வியர்வை. மாவு அப்படியே பூசிக்கொண்டது. குளித்துவிட்டு வர நேரமில்லை, எண்ணெய் காய்ந்து கிடக்கிறது. முகத்தை மட்டும் கையால் தேய்த்துவிட்டு (அதாவது மாவை இன்னும் சீராகப் பரப்பிவிட்டு) சேவு தேய்க்க உட்கார்ந்தேன்.

வாசலில் ஜீப் சத்தம். பாக்கியம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“ஏங்க, ஒங்க லேபர் ஆபீசர் இறங்குதாரு. கூட சுப்பையா அண்ணாச்சி, ஸ்டெல்லாக்கா. கையில சட்டியெல்லாம் இருக்கு.”

சுப்பையா அண்ணாச்சி எனக்கு மேலே இருந்த சீனியர் கிளார்க். ஸ்டெல்லாக்கா டைப்பிஸ்ட். இவர்கள் இரண்டு பேரும் பாசத்தில் வந்தவர்கள். லேபர் ஆபீசர் அப்படியில்லை. சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். போன மாதம்தான் பொய்ச் சான்றிதழ் கொடுத்த ஒருவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார். அந்த உத்தரவை என் கையெழுத்தில்தான் எழுதினேன்.

“அடுப்பை அணைக்காதே” என்றேன்.

“ஓடிப் போய்ப் படுங்க” என்றாள் பாக்கியம்.

உள்ளறையில் பாயில் விழுந்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன். அவர்கள் வந்து நின்றார்கள். அரை இருட்டில் மூவரும் என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது.

“இம்புட்டு மஞ்சளா ஒரு மனுசன நான் பாத்ததேயில்ல” என்றார் அண்ணாச்சி.

லேபர் ஆபீசர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தனக்குள்ளே “பசுப்பு, பசுப்பு” என்றார். மஞ்சளைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. எனக்கோ பெருமையாக இருந்தது. இப்படியொரு காமாலையை நிஜ நோயாளியால்கூடக் காட்டியிருக்க முடியாது.

ஸ்டெல்லாக்கா கொண்டுவந்த கீழாநெல்லிச் சட்டியை ஓரமாக வைத்துவிட்டு முழங்காலிட்டார். கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கினார். “ஆண்டவரே, இந்தச் சகோதரன் பொய் சூது அறியாதவன்…”

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து அந்த வாசனை வந்தது. வாணலியில் கிடந்த ஈடு கருகத் தொடங்கிவிட்டது. பாக்கியமோ மரியாதைக்குக் கைகூப்பி இங்கேயே நிற்கிறாள். ஜெபம் நீண்டுகொண்டே போனது. நானும் பல்லைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை.

“பாக்கியம், தீயுது. சீக்கிரம்” என்று கத்திவிட்டேன்.

ஸ்டெல்லாக்கா கண்ணைத் திறந்தார். “ஒடம்பு எரியுதுங்காரு சார். சூடு தலைக்கு ஏறிட்டு.”

“ஜீப்புல தூக்கிப் போடுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்” என்றார் லேபர் ஆபீசர்.

“செத்த நேரம் பொறுங்க சார், நெத்திய நனச்சு விடுதேன்” என்று அண்ணாச்சி தன் துண்டைச் செம்புத் தண்ணீரில் முக்கி, என் நெற்றியில் ஒரே இழுப்பாக இழுத்தார்.

சிலேட்டை அழித்ததுபோல் நெற்றி கறுப்பாகிவிட்டது. அண்ணாச்சி துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கன்னத்தில் இன்னொரு இழுப்பு இழுத்தார். அந்தப் பக்கமும் குணமாகிவிட்டது. லேபர் ஆபீசர் துண்டை வாங்கி மோந்து பார்த்தார்.

“கடலமாவு” என்றார்.

நேராகப் பின்கட்டுக்கு நடந்தார். நான் போர்வையோடு பின்னால் போனேன். புகையும் வாணலி, ஒன்பது டின், சிந்திய மாவு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று முடிவு செய்தேன். பாக்கியம் வாணலியை இறக்கினாள்.

அவர் ஒரு டின்னைத் திறந்து ஒரு சேவு எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கைப்பிடி.

“மொளக ஒண்ணுரெண்டா தட்டிப் போட்டிருக்கீங்களாம்மா?”

“ஆமா சார்” என்றாள் பாக்கியம். “அதோட, நாளைக்குக் காலைல கல்யாண வீட்டு வேன் வருது சார். இவிய மேல தப்புதான். ஆனா அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

நான் ஆயிரம் முறை யோசித்தாலும் எனக்கு வராத வாக்கியம் அது. லேபர் ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் மூணு டின் கெடக்கு. பொறவு எதுக்குப் போர்வையப் போத்திட்டு நிக்க? அடுப்பப் பாரு.”

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் ஆலையில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஸ்டெல்லாக்கா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மாவு பிசைந்தார். (என்னிடம் மட்டும் பேசவில்லை.) அண்ணாச்சி விறகு தள்ளினார். லேபர் ஆபீசர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஈட்டையும் ருசி பார்த்து “பாஸ்” என்றார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு டின்னும் நிறைந்தன. மறுநாள் வேன் வந்து ஏற்றிப் போனது. சம்பந்தி வீட்டார் ஒரு குறையும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஜீப்பில் ஏறும்போது அவர் சொன்னார்: “நாளைக்கு டூட்டிக்கு வந்துரு. ஆனா சர்டிபிகேட் பைல்ல இருக்கு. அது பொய்யின்னு எழுதுனா ஒன் வேல போயிரும். அதனால ரிக்கார்டுபடி ஒனக்குக் காமாலதான்.”

அதன் பொருள் மறுநாள் மத்தியானம் கேன்டீனில் விளங்கியது. எல்லாருக்கும் சாம்பார், பொரியல், அப்பளம். எனக்கு உப்பில்லாத மோர்ச்சோறும் ஒரு கீழாநெல்லி உருண்டையும். இது லேபர் ஆபீசர் உத்தரவு என்றார் கேன்டீன் மாஸ்டர். அடுத்த வாரம் அதைவிடக் கொடுமை. நாலு மணி டீயோடு எல்லாருக்கும் காராச்சேவு வந்தது. ஆபீசர் நேரடியாகப் பாக்கியத்திடமே ஆர்டர் கொடுத்திருந்தார். ஆலை முழுவதும் மொறுமொறுவென்று மென்றது. அந்தத் தொழிலின் அதிபர் மட்டும் டம்ளரில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாம் நாள் ஆசையாகத் தட்டை நீட்டினேன். “பிட்னஸ் சர்டிபிகேட் எங்க?” என்றார் மாஸ்டர்.

அதன் பிறகு தொழிலைப் பாக்கியம் பார்த்துக்கொண்டாள். ஓய்வு பெறும்வரை நான் குமாஸ்தா வேலையை மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன். வருடங்கள் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். தட்டில் சேவு வந்தது. பழைய பழக்கத்தில் நான் எடுக்கவில்லை; ஏன் என்று மாப்பிள்ளையின் அப்பா விசாரித்தார். “அப்பாவுக்குக் காமாலை, ரிக்கார்டுல இருக்கு” என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். அவர் முகம் வெளிறிப் போனது. முழுக் கதையையும் சொல்லி முடித்த பிறகுதான் நிச்சயம் பேச முடிந்தது.

மாப்பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொண்ட பழக்கத்தை இன்னும் விடவில்லை. வீட்டில் சேவு டப்பா திறந்தால் முதலில் என்னிடம் வருவார். “மாமா, கண்ணக் காட்டுங்க” என்று என் கீழிமையை விரலால் இறக்கிப் பார்ப்பார். பிறகு வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு, என் பங்கையும் அவரே சாப்பிட்டுவிடுவார்.