பகர்ப்பவகாச வாரம்

எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புரியாத சொல்லால் ஒரு கெடுதலும் வராது. புரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள்வோம். புரிந்த மாதிரியே இருக்கிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். என்னைக் கவிழ்த்த சொல்லை இன்றைக்கும் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கல்லூரி நூலகத்து வாசலில் பேனராகக் கட்டுகிறார்கள். அந்த நாட்களில் நான் செல்போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு அந்த வாசலைக் கடப்பேன்.

எனக்குச் சொந்த ஊர் எருத்தேன்பதி. இருப்பது கேரளத்தில்தான், ஆனால் ஊரில் பேச்சு, சண்டை, கோயில் மைக் எல்லாம் தமிழ். படித்ததும் தமிழ் வழியில். என் மலையாளம் பஸ் போர்டை எழுத்துக் கூட்டியும் வில்லேஜ் ஆபீஸ் வரிசையில் காத்து நின்றும் சேர்த்த மலையாளம். அதை வைத்துக்கொண்டு பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ்த் துறை கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்துவிட்டேன். (கெஸ்ட் என்றால் விருந்தாளிதானே என்று என் மாமனாருக்குச் சந்தேகம். "அப்ப மத்தியானச் சோறு அவங்களே போட்டுருவாங்களா மாப்ளே?")

அந்தக் காலத்தில் எனக்கு இருந்தது ஒரே வெறி, பிஎச்.டி. சேர வேண்டும். அதற்கு ஒரு வழிகாட்டி வேண்டும். கேட்ட பேராசிரியர்கள் எல்லாரும் இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது எஸ்தர் மேடம் ஒருவர்தான். மூணாறு பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். தேயிலைத் தோட்டப் பெண்கள் கொழுந்து எடுக்கும்போது பாடிய பாட்டுகளை மலை மலையாக ஏறி இறங்கிச் சேகரித்துப் புத்தகம் போட்டவர். அதிலிருந்து சில பாட்டுகள் எங்கள் மாணவர்களுக்குப் பாடமாக இருந்தன. நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன்.

"ஒரு எடந்தான் இருக்கு தம்பி. அதுக்கு நாலஞ்சு பேரு நிக்காங்க. ஒங்க காலேஜுக்கு ஒரு கூட்டத்துக்கு வருதேன். நேர்ல பாத்துப் பேசிட்டு முடிவு சொல்லுதேன்" என்றார்.

மறுக்கவில்லை! நான் வராந்தாவிலேயே ஒரு குதி குதித்தேன். அவர் வருவதற்குள் அவர் அசந்துபோகிற மாதிரி ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வது? அவருடைய புத்தகம் கடைகளில் கிடைக்கவில்லை. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி, அதுவும் அட்டை தளர்ந்து கிடந்தது. மாணவர்கள் கையில் ஆளுக்கொரு புத்தகம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நூலகத்துக்கு நடந்தேன்.

அங்கே நூலகர் பாபு சார் ஏணியில் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்தார். மலையாளத்தில், கொட்டை எழுத்தில்: 'பகர்ப்பவகாச வாரம்.'

எழுத்துக் கூட்டினேன். பகர்ப்பு? தெரியும். வில்லேஜ் ஆபீஸில் எதற்குப் போனாலும் ஆதார் பகர்ப்பு எங்கே, ரேஷன் கார்டு பகர்ப்பு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். பகர்ப்பு என்றால் நகல். அவகாசம்? அது நம்ம சொல்லாயிற்றே! கெடு முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்சுவதே என் பிழைப்பு. வாரம் எங்கே போனாலும் வாரம்தான். மூன்றையும் கூட்டினேன். நகல் எடுத்துக்கொள்ள அவகாசம் தந்திருக்கும் வாரம்!

எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன ஒரு பெருந்தன்மையான அரசாங்கம்! (பேனரின் அடியில் சின்ன எழுத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. சின்ன எழுத்து மலையாளம் எனக்கு ஆகாது.)

நியாயமாக எனக்கு முன்பே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தகவல் கேட்டு விண்ணப்பம் போடும் சட்டத்தை இங்கே 'விவராவகாசம்' என்பார்கள். விவரம் தருவதற்கு ஆபீஸ்காரர்கள் எடுத்துக்கொள்ளும் அவகாசம் என்றே நான் அதையும் புரிந்துவைத்திருந்தேன். அவர்கள் பதில் அனுப்பும் வேகத்தைப் பார்த்தபோது என் புரிதலில் ஒரு தவறும் தெரியவில்லை.

புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் பறந்தேன். ஜெராக்ஸ் கடை செல்வண்ணன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், முழுசுங்களா?"

"முழுசும்தாங்கண்ணா. வகுப்புக்கே வேணும். இந்த வாரம் அவகாசம் குடுத்திருக்காங்க."

"அப்படீங்களா! நம்மளுக்கு ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்களே!" என்றவர், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கடை முன்னால் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்: 'இந்த வாரம் நகல் எடுக்க அரசு அவகாசம். முந்துங்கள்.'

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகம் வந்தவனுக்கு நிறுத்தத் தெரியாது. புத்தகம் கனமாக இருப்பதாகப் பட்டது. ஒவ்வொரு பாட்டின் கீழும் பொடி எழுத்தில் ஏதோ பெயர், எஸ்டேட் டிவிஷன் என்று ஒரு வரி இருந்தது. பரீட்சைக்கு வராது. அதை வெள்ளைத் தாள் துண்டால் மறைத்து நகல் எடுக்கச் சொன்னேன். பின்னால் இருந்த பெயர்ப் பட்டியலையும் விட்டுவிடச் சொன்னேன். இடம் மிச்சமானது. மிச்சமான இடத்தைச் சும்மா விடலாமா? உட்கார்ந்து ஒரு முன்னுரை எழுதினேன். 'இப்பாடல்களை மாணவ உலகுக்கு அளிப்பதில் பேருவகை அடைகிறேன்' என்று தொடங்கி, என் எம்.ஏ., எம்.ஃபில். எல்லாம் போட்டு முடித்தேன். அட்டையில் 'மாணவர் பதிப்பு' என்று அச்சடித்து, ஸ்பைரல் போட்டாயிற்று. போதாதென்று பிடிஎஃப் ஆக்கி வகுப்பு வாட்ஸப் குழுவிலும் போட்டேன். பையன்கள் வரிசையாகக் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

வீட்டில் கோகிலாவிடம் சொன்னபோது அவளும் சந்தோஷப்பட்டாள். என் மனைவி நல்லேப்பிள்ளிக்காரி, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அந்தச் சொல்லை நான் அப்படியே மலையாளத்தில் சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். நானோ மொழிபெயர்த்துச் சொன்னேன். "காப்பி எடுக்க ஒரு வாரம் டைம் விட்டிருக்காங்க கோகிலா!"

"நல்ல கவர்மெண்ட்டுங்க" என்றாள் அவள்.

கூட்டத்து நாள் வந்தது. நோட்டீஸில் 'பகர்ப்பவகாச சில்ப்பசாலை' என்று போட்டிருந்தது. "சிற்பசாலைன்னா கல்லு செதுக்கிக் காட்டுவாங்களாங்க சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மலையாளத்தில் பயிலரங்குக்கு அப்படித்தான் பெயர் என்று அவளுக்கு விளக்கினேன். அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும்! அதில் பெருமை வேறு.

எஸ்தர் மேடம் வாளையார் செக்போஸ்ட் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் துணிப்பை, முகம் நிறையச் சிரிப்பு. முதல்வர், பாபு சார், இரண்டு துறைத் தலைவர்கள் எல்லாரும் முன்வரிசையில். வரவேற்புரை நான். மைக்கைப் பிடித்ததும் எனக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு சூடு ஏறிவிட்டது.

"இந்தப் பகர்ப்பவகாச வாரத்தை எங்கள் தமிழ்த் துறைபோல் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட துறை இந்த மாநிலத்திலேயே கிடையாது! அதற்குச் சாட்சி, இதோ!"

கையைத் தூக்கினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடி மாணவர்கள் எல்லாரும் ஸ்பைரல் புத்தகங்களை ஒரே சமயத்தில் தலைக்கு மேலே உயர்த்தினார்கள்.

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பாபு சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். முதல்வர் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். எஸ்தர் மேடம் மட்டும் மேடையை விட்டு இறங்கி, முதல் பெஞ்சுப் பெண்ணிடமிருந்து ஒரு பிரதியை வாங்கிப் புரட்டினார்.

"முன்னுரையெல்லாம் இருக்கே. யாரு எழுதுனது?"

"நான்தாங்க மேடம்" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"முழுப் புஸ்தகத்தையும் காப்பி போடச் சொன்னது யாரு?"

"காலேஜேதாங்க மேடம். அவகாசம் குடுத்து வாசல்ல பேனரே கட்டியிருக்காங்க."

பாபு சார் துள்ளி எழுந்தார். "அய்யோ என்டெ மாஷே! அவகாசம் எந்நு வெச்சால் டைம் அல்ல! உரிமை! உரிமை! பகர்ப்பவகாசம் எந்நால் காப்பிரைட்டு! காப்பி எடுக்கருது எந்நு பறயான் வெச்ச பேனராணு அது!"

அதாவது, இஷ்டத்துக்கு நகல் எடுக்காதே என்று சொல்லும் வாரத்தில், அதைப் பற்றிப் பேச வந்தவருடைய புத்தகத்தையே நகல் எடுத்து, அவர் முன்னாலேயே தூக்கிக் காட்டியிருக்கிறேன். அரங்கம் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் காக்காய்கள் பறந்தன. காலையில் ஸ்பைரல் கட்டுகளைத் தூக்கி வந்தபோது மலையாளத் துறைப் பையன்கள் ஏன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தர் மேடம் சிரிக்கவில்லை. முதல் பாட்டைத் திறந்து, அதன் கீழே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பாடத்துக்கு வச்ச பாட்டுகள எங்கேருந்து எடுத்ததுன்னு சொல்லிக் காப்பி போட்டுக் குடுத்திருந்தா நானே கைதட்டியிருப்பேன். வாத்தியாருக்கு அதுக்கு எடம் இருக்கு. முழுசும் வேணும்னா ஒரு போன் போட்டிருக்கலாம். விக்காத புஸ்தகம் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில கெடக்கு, அனுப்பியிருப்பேன். அதெல்லாம் போகட்டும். பாடுனவங்க பேரு எங்க?"

நான் மேடை ஓரம் வரைக்கும் வந்து அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன்.

"இது எங்கம்மா பாடுனது. மரியபுஷ்பம். இந்தப் புஸ்தகம் ஒண்ணுலதான் அவங்க பேரு அச்சுல இருக்கு. ஒவ்வொருத்தியும் எங்கிட்ட அதத்தான் கேட்டா. 'பேரு வருமா டீச்சர்?' வரும்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் எழுதி எடுத்தேன்."

சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. காப்பிரைட்டு என்று பாபு சார் கத்தியபோது எனக்கு வெட்கம்தான் வந்தது. இதைக் கேட்டதும்தான் நான் செய்தது என்னவென்று உறைத்தது. அந்தப் பெண்களின் பெயர் இருந்த இடத்தை மிச்சம் பிடித்து என் எம்.ஏ.வை அச்சடித்திருக்கிறேன். பிஎச்.டி. கதை இங்கேயே முடிந்தது என்று தெரிந்துவிட்டது. கடைக்காரர் விட்டுவிட்டார் என்று ஒரு பொய் தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கினேன்.

"அந்த வரியை வேண்டாம்னு மறைக்கச் சொன்னது நான்தாங்க மேடம். முட்டாள்தனம் பண்ணிட்டேன். நீங்க ஒவ்வொரு பேராச் சொல்லுங்க. இப்பவே எழுதிக்கிறோம்" என்று மைக்கிலேயே சொன்னேன். மாணவர்களைப் பார்த்து, "பேனா எடுங்க! மொதல்ல என் முன்னுரையைக் கிழிங்க!" என்று கத்தினேன்.

கிழித்தார்கள். அந்த வகுப்பு வேறு எந்த வீட்டுப்பாடத்தையும் அவ்வளவு ஆர்வமாகச் செய்ததில்லை. பிறகு மேடம் பையிலிருந்து தன்னுடைய பிரதியை எடுத்துப் பாட்டுக்குப் பாட்டு பெயரையும் டிவிஷனையும் வாசித்தார். மரியபுஷ்பம். அன்னக்கிளி. சவரியாயி. பேச்சியம்மாள். அரங்கம் முழுக்கப் பேனாக்கள் ஓடின. பாபு சார் அவருக்கு மைக் பிடித்தார். நடுவில் ஒரு பெயரில் மேடம் நிறுத்தி அந்தப் பாட்டைப் பாடியே காட்டினார். ஒரு மாணவி தாளம் போட்டாள், இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள், கடைசியில் முதல்வரே தொடையில் தட்டினார். அப்படி ஒரு வகுப்பு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அமையவில்லை. நான் நடத்தாத வகுப்பு அது என்பது வேறு விஷயம்.

பிறகு ஸ்பைரலைக் கழற்றி, பாடப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மேடத்திடம் ஒப்படைத்தோம். வாட்ஸப்பில் போட்டதை எல்லாருக்கும் சேர்த்து அழிக்கப் பார்த்தேன். அதற்கு உண்டான அவகாசம் முடிந்திருந்தது. (நான் அறிந்த பொருளில்.) ஒவ்வொருவர் போனாக வாங்கி அழித்தேன்.

சாயங்காலம் காரில் ஏறும்போது மேடம் கண்ணாடியை இறக்கினார்.

"எடம் ஒங்களுக்குத்தான் தம்பி. தப்புன்னு தெரிஞ்ச பொறவு பழிய அடுத்தவன் தலையில போடாத ஆளா ஒருத்தனத் தேடிக்கிட்டு இருந்தேன். எழுதுற கையும் நல்லாத்தான் ஓடுது. ஆனா டிகிரி வாங்குற வரைக்கும் முன்னுரைப் பக்கம் போயிராதீங்க. அடிக்குறிப்பு எழுதப் பழகுங்க."

பஸ் ஏற மறந்து பாதி தூரம் நடந்தே வந்தேன். அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் கோகிலா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அந்த மலையாள வார்த்தைய ஒருக்கா எங்கிட்டச் சொல்லியிருக்கப்படாதுங்களா? ஊட்டுலயே ஒரு டிக்‌ஷனரி சோறாக்கிட்டு உக்காந்திருக்கறேன்!"

இப்போது பிஎச்.டி. முடித்துவிட்டேன். ஆய்வேட்டில் பாதிக்குமேல் அடிக்குறிப்புதான் என்று தேர்வாளரே குறைப்பட்டார். வீட்டில்தான் பெரிய தொல்லை. சாப்பிடும்போது எங்கேயோ கேட்ட ஜோக்கைச் சொல்லி நான் சிரிக்கத் தொடங்கினால் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பாள்: "பாடுனது ஆருங்கப்பா?" ரசத்தைப் பாராட்டினால், புளி கரைத்தவர் யார், தாளித்தவர் யார் என்று தாயும் மகளும் தனித்தனியாகப் பெயர் கேட்கிறார்கள்.

இந்தக் கட்டுரையையும் முதலில் கோகிலாவிடம்தான் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நடந்தது உங்களுக்குத்தானுங்க. ஆனா சிரிப்பு வர்ற எடமெல்லாம் நா ஊரெல்லாஞ் சொல்லிச் சொல்லித் திருத்துனது. அடியில பேரு போடுங்க" என்றாள். மறைக்க என்னிடம் வெள்ளைத் தாள் இல்லை.

பாடியவர்: கோகிலா, நல்லேப்பிள்ளி.